பள்ளி கேன்டீனில் நல்ல உணவு வர வேண்டுமா? உணவுப் பட்டியலுக்கு முன் ஒப்பந்தத்தைக் கையில் எடுங்கள்

என் மகள் படிக்கும் பள்ளி திருச்சியில் இருக்கிறது. ஏறக்குறைய 900 பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளி. அங்குள்ள கேன்டீனில் சிப்ஸ், பஃப்ஸ், குளிர்பானம் தவிர வேறு எதுவும் ஒழுங்காகக் கிடைக்காத நிலையை மாற்ற இரண்டு கல்வியாண்டுகள் ஆயின. முதல் ஆண்டு முழுக்க வீண். 140 பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தோம். தாளாளர் உடனே ஒப்புக்கொண்டார், சிப்ஸ் போனது, மூன்றாவது வாரம் அதே இடத்தில் திரும்பி வந்து தொங்கியது. ஏன் திரும்பி வந்தது என்று புரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் பிடித்தது. உங்களுக்கு அந்த ஆறு மாதம் வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், கேன்டீன் பொறுப்பு தரப்பட்ட ஆசிரியர்கள் ஆகியோருக்கு இது பயன்படும். அரசுப் பள்ளிகளின் சத்துணவும் காலை உணவும் வேறு நிர்வாகத்தின் கீழ் நடப்பவை. இங்கே சொல்வது தனியார் பள்ளி கேன்டீனுக்கு மட்டும்.

1. ஒரு வாரம் வாய் திறக்காமல் பாருங்கள்

தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இரண்டு பெற்றோர் போதும். பத்துப் பேர் போய் நின்றால் சோதனைக்கு வந்தது போலாகிவிடும். ஒரு நோட்டில் நான்கு விவரங்களை எழுதுங்கள்: பண்டம், விலை, எத்தனை விற்றது, எவ்வளவு மிஞ்சியது. திங்கள் முதல் வெள்ளி வரை, எல்லா இடைவேளைகளிலும்.

பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதை ஏன் வாங்கினாய்? "பிடிக்கும்" என்று சொல்வார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நிறையப் பிள்ளைகள் சொன்ன பதில் வேறு. காலையில் சாப்பிடாமல் வந்திருந்தார்கள், இடைவேளை பதினைந்து நிமிடம்தான், பாக்கெட் என்றால் வரிசை சீக்கிரம் நகர்கிறது. ஒரு சிறுவன், "இட்லி வாங்கினால் சாப்பிட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்" என்றான். இந்த ஒரு பதில் எங்கள் திட்டத்தையே மாற்றியது. உணவு நல்லதாக இருப்பதோடு, கேட்டவுடன் பத்து நொடியில் கைக்கு வருவதாகவும், ஐந்து நிமிடத்தில் உண்டு முடிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். தோசைக்கல் போட்டு ஒவ்வொன்றாக ஊற்றும் யோசனைகளை அன்றே கைவிட்டோம்.

2. ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்

எல்லாம் இங்கேதான் இருக்கிறது. எங்கள் ஒப்பந்ததாரர் பள்ளிக்கு மாதம் 35,000 ரூபாய் வாடகை கட்டிக்கொண்டிருந்தார். மாதம் 22 பள்ளி நாட்கள் என்றால், அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,590 ரூபாய் போய்விடுகிறது. ஒரு நாளில் சராசரியாக 300 பேர் 15 ரூபாய்க்கு வாங்கினால் மொத்த விற்பனை 4,500 ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வாடகைக்கே சரி. மிச்சத்தில் சரக்கு, கேஸ், இரண்டு பேர் கூலி. இந்தக் கணக்கில் நிற்பவரிடம் போய் "சுண்டல் போடுங்கள், பழம் வையுங்கள்" என்று கேட்பது அவரை நட்டப்படச் சொல்வதற்குச் சமம். சிப்ஸ் பாக்கெட்டுக்கு ஆள் கூலி வேண்டாம், கேஸ் வேண்டாம், விற்காவிட்டால் கெட்டும் போகாது. அதனால்தான் அது திரும்பி வந்தது. ஒப்பந்ததாரர் கெட்டவர் என்று ஓராண்டு முழுக்க நினைத்திருந்தேன். அது என் தவறு.

ஆகவே உங்கள் முதல் கோரிக்கை வாடகைக் குறைப்பாக இருக்கட்டும். நாங்கள் வைத்த கணக்கு இது: வாடகையை 15,000 ஆக்கினால் பள்ளிக்கு மாதம் 20,000 குறையும். பத்து மாதத்துக்கு இரண்டு லட்சம். 900 பிள்ளைகளுக்கு வகுத்தால், ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 222 ரூபாய். இதை ஒரே தாளில் எழுதி நிர்வாகக் குழுவின் முன் வைத்தோம். மனுவில் இருந்த 140 கையெழுத்துகளால் நகராத விஷயம் இந்த ஒரு தாளால் நகர்ந்தது. கேன்டீன் வாடகையைப் பள்ளி ஒரு வருமானமாகப் பார்க்கும் வரை உணவு மாறாது என்பது என் உறுதியான எண்ணம்.

வாடகையைக் குறைப்பதற்கு ஈடாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியவை:

- விற்கலாம் என்று அனுமதித்த பண்டங்களின் பட்டியலும் விலையும் இணைப்பாக இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாததை விற்க முன்கூட்டியே எழுத்து அனுமதி வேண்டும்.
- பெற்றோர் குழுவில் இருவர் முன்னறிவிப்பு இல்லாமல் சமையலறைக்குள் வந்து பார்க்கலாம்.
- எண்ணெய், பருப்பு, மாவு வாங்கிய பில்களை மாதம் ஒரு முறை காட்ட வேண்டும்.
- மீறினால் முதலில் எழுத்து எச்சரிக்கை, அடுத்து 30 நாள் அவகாசத்துடன் ஒப்பந்தம் ரத்து.

காலம் முக்கியம். பெரும்பாலான பள்ளிகளில் கேன்டீன் ஒப்பந்தம் கல்வியாண்டோடு ஒட்டியே ஓடும். நான் முதலில் ஜூலையில் போய்க் கேட்டேன். "இந்த ஆண்டுக்கு முடிந்துவிட்டது" என்றார்கள். மார்ச்சில் போனால் தேர்வு மும்முரம். டிசம்பரில் பேச்சைத் தொடங்கி, ஜனவரி இறுதிக்குள் கணக்குத் தாளைக் கொடுத்துவிடுங்கள்.

3. சட்டம் சொல்வதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், பள்ளிப் பிள்ளைகளின் உணவுக்கென்றே 2020 செப்டம்பரில் தனி ஒழுங்குமுறை விதிகளை அறிவித்தது. அவை 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, சேர்க்கப்பட்ட சர்க்கரை, சோடியம் ஆகியவை அதிகமுள்ள உணவைப் பள்ளி கேன்டீனிலோ விடுதிச் சமையலறையிலோ பள்ளி வாயிலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளோ பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்பது அதன் சாரம். அத்தகைய உணவுக்குப் பள்ளி வளாகத்தில் விளம்பரமும் கூடாது. குளிர்பான நிறுவனப் பெயரோடு வரும் பெயர்ப்பலகையும் குளிர்பதனப் பெட்டியும் இதில் அடங்கும் என்று எடுத்துச் சொல்லலாம்.

சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் இன்னொரு பிடியும் உண்டு. பள்ளிகளில் சர்க்கரை அளவைக் காட்டும் பலகை வைக்கச் சொல்லி 2025 மே மாதம் அந்த வாரியம் சுற்றறிக்கை அனுப்பியது. அதன் நகலோடு போனால் பேச்சு எளிதாகத் தொடங்கும்.

ஆனால் விதியை முதல் நாளே மேசை மீது போடாதீர்கள். நிர்வாகம் உடனே தற்காப்புக்குப் போய்விடும். பிறகு ஒவ்வொரு கடிதத்துக்கும் வக்கீலைக் கேட்டுத்தான் பதில் வரும்.

4. கேட்க வேண்டிய ஆவணங்கள்

கேன்டீன் நடத்துபவருக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு அல்லது உரிமம் கட்டாயம். பள்ளியே சமைத்து வழங்கினால் பள்ளியின் பெயரில் இருக்க வேண்டும். நாங்கள் 2024இல் விசாரித்தபோது, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை என்றால் பதிவு போதும் என்று இருந்தது. அப்போது கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். அதற்கு மேல் போனால் மாநில உரிமம். கேன்டீனுக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். விண்ணப்பம் அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில். கட்டணமும் வரம்பும் மாறக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். புகைப்படம், அடையாளச் சான்று, இடத்துக்கான சான்று இருந்தால் பதிவுக்குப் போதும். இடத்துக்கான சான்றுக்குப் பள்ளி கடிதம் தர வேண்டும். இங்கேதான் பலர் மாதக் கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளிலேயே அந்தக் கடிதத்தையும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பதிவு சில நாட்களிலேயே வரலாம். அதிகாரிகள் ஆய்வுக்கு வர முடிவு செய்தால் ஒரு மாதம் வரை ஆகும். உரிமத்துக்கு 60 நாள் ஒதுக்குங்கள்.

சான்றிதழில் 14 இலக்க எண் இருக்கும். 1 என்று தொடங்கினால் உரிமம், 2 என்று தொடங்கினால் பதிவு. சுவரில் மாட்டியிருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். எண்ணைத் தளத்தில் போட்டுப் பாருங்கள். எங்கள் கேன்டீன் சுவரில் கண்ணாடிச் சட்டத்தில் அழகாகத் தொங்கிய சான்று காலாவதியாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. அதிலிருந்த முகவரியும் வேறு ஒரு கடையுடையது.

இவற்றோடு: சமைப்பவர், பரிமாறுபவர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவத் தகுதிச் சான்றும் டைபாய்டு தடுப்பூசி விவரமும், குடிநீர் ஆய்வு அறிக்கை. மருத்துவச் சான்றை அரசு மருத்துவமனையில் வாங்கிக்கொள்ளும்படி சொல்லலாம். குடிநீர் ஆய்வுக்கான கட்டணத்தைப் பள்ளியே ஏற்பதுதான் நியாயம். தண்ணீர் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது.

5. பட்டியலைச் சுண்டலிலிருந்து தொடங்குங்கள்

சுண்டலில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் கணக்குத்தான். ஒரு கிலோ கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். கிண்ணத்துக்கு 100 கிராம் என்றால் இருபதுக்கும் மேற்பட்ட கிண்ணங்கள். கடலை கிலோ 100 ரூபாய் என்று வைத்தால் ஒரு கிண்ணத்துக்குக் கடலைச் செலவு 5 ரூபாய். தேங்காய், தாளிப்பு, கேஸ் சேர்த்து இன்னொரு 2 ரூபாய். 15 ரூபாய்க்கு விற்றால் கூலிக்கும் லாபத்துக்கும் 8 ரூபாய் நிற்கிறது. பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டில் கடைக்காரருக்கு மிஞ்சுவது ஒன்றிரண்டு ரூபாய்தான். இந்தக் கணக்கை ஒப்பந்ததாரர் முன்னால் உட்கார்ந்து அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள்.

அவர் உடனே கேட்பார்: "மிஞ்சினால்?" அந்தக் கேள்வி நியாயமானது. மதியத்துக்கு மேல் தேங்காய் போட்ட சுண்டல் தாங்காது. இதற்கு நாங்கள் கண்ட வழி டோக்கன். காலை வகுப்பு தொடங்கும்போதே வகுப்புத் தலைவர் ஒரு தாளில் எண்ணிக்கை எடுத்து 9 மணிக்குள் கேன்டீனுக்குத் தருவார். கடலை முந்தைய இரவே ஊற வேண்டுமே என்பீர்கள். ஊறவைப்பது முந்தைய வாரத்தின் சராசரிப்படி, வேகவைப்பது காலை எண்ணிக்கைப்படி. ஊறிய கடலை மிஞ்சினால் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாள் முதலில் எடுத்துக்கொள்ளலாம். முதல் மாதம் தினமும் பத்துப் பன்னிரண்டு கிண்ணம் மிஞ்சியது. இரண்டாவது மாதம் இரண்டு மூன்றாகக் குறைந்தது. அந்த முதல் மாத நட்டத்தைப் பெற்றோர் ஆசிரியர் கழக நிதியிலிருந்து கொடுத்தோம். மொத்தம் 3,000 ரூபாய்கூட ஆகவில்லை. நாங்கள் செலவிட்ட பணத்தில் மிகப் பயனுள்ளது அதுதான்.

எங்கள் வாரப் பட்டியல் இப்போது இப்படி ஓடுகிறது. திங்கள் கொண்டைக்கடலைச் சுண்டல், செவ்வாய் காய்கறி போட்ட குட்டி இட்லி, புதன் பச்சைப்பயறு, வியாழன் கேழ்வரகுக் கொழுக்கட்டை, வெள்ளி அவித்த மக்காச்சோளம் அல்லது வேர்க்கடலை. தினமும் வாழைப்பழமும் மோரும் உண்டு. முட்டை வைப்பது பள்ளியின் முடிவு. எங்கள் பள்ளி ஒப்பவில்லை, அதில் நாங்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் உண்டா என்று சேர்க்கைப் படிவங்களைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு மக்காச்சோளம் தனிப் பாத்திரத்தில் போகிறது.

பரிமாற சில்வர் கிண்ணங்கள் வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் குவளை, தட்டு, பை போன்றவற்றுக்குத் தடை உள்ளது. செய்தித்தாளில் மடித்துத் தரவும் கூடாது. அச்சு மை உணவில் ஒட்டும். 300 கிண்ணம் வாங்க முன்னாள் மாணவர்களிடம் கேட்டோம், ஒரே வாரத்தில் வந்தது. கழுவ ஒரு ஆள் கூடுதலாக வேண்டும். அந்தக் கூலியைக் கணக்கில் சேர்க்க மறந்து பிறகு திண்டாடினோம்.

6. எண்ணெயும் பாக்கெட்டும்

சமோசாவை முதல் நாளே ஒழிக்க நினைக்காதீர்கள் என்று பலர் சொன்னார்கள். வாரம் ஒரு நாள் என்று குறைத்து, ஒரு பருவம் கழித்து நிறுத்தினோம். பொரிக்கும் நாட்கள் உள்ளவரை எண்ணெயைக் கவனிக்க வேண்டும். பொரித்த எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்வதால் அதில் உருவாகுபவை) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. அளக்கும் கருவி உங்களிடம் இருக்காது. ஆனால் கருத்துப்போய், நுரைத்து, பிசுபிசுப்பாக இருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எண்ணெய் வாங்கிய பில்லும் பொரித்த அளவும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். மாதம் முழுக்கப் பொரித்துவிட்டு ஐந்து லிட்டர் பில் காட்டினால் பழைய எண்ணெய் மீண்டும் மீண்டும் வாணலிக்கு வருகிறது என்று பொருள்.

பாக்கெட் பண்டம் எதையாவது அனுமதிக்கும் முன் பின்பக்கத்தைப் படியுங்கள். சர்க்கரை கிராமை ஐந்தால் வகுத்தால் ஏறக்குறைய எத்தனை தேக்கரண்டி என்று தெரியும். சோடியம் மில்லிகிராமில் இருக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு. முன்பக்கத்தில் பழப்படம் போட்ட "பழச்சாறு" பானங்களில் பலவற்றைப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினோம். எனர்ஜி டிரிங்க் எனப்படும் காஃபீன் பானங்களின் மீது குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று தயாரிப்பாளர்களே அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் பள்ளியில் விற்க எந்த வாதமும் நிற்காது.

7. பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு புதுப் பண்டத்தையும் விற்பனைக்கு வைக்கும் முன் ஒரு வகுப்புக்கு இலவசமாகக் கொடுத்துப் பாருங்கள். எங்கள் முதல் கேழ்வரகுக் கொழுக்கட்டையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தொண்டையில் அடைக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். தேங்காய்ப் பூவும் கொஞ்சம் வெல்லமும் கூட்டி, அளவைச் சிறிதாக்கிய பிறகு ஒவ்வொரு வியாழனும் தீர்ந்துபோகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு மாற்றம் போதும். "உடம்புக்கு நல்லது" என்று பலகை எழுதாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே பிள்ளைகள் மருந்து என்று நினைக்கிறார்கள். பெயரையும் விலையையும் மட்டும் எழுதுங்கள்.

8. வாயிலுக்கு வெளியே

50 மீட்டர் விதி வெளிக்கடைகளுக்கும் பொருந்தும். ஆனால் எல்லாக் கடையும் ஒன்றல்ல. எங்கள் பள்ளி வாசலில் ஓர் அம்மா கொய்யா, நெல்லிக்காய், பொங்கல் சமயத்தில் பனங்கிழங்கு விற்கிறார். வாசலை "சுத்தப்படுத்தும்" ஆர்வத்தில் முதலில் விரட்டப்பட்டது அவர்தான். அதை எதிர்த்துப் பேசினோம். இப்போது அவர் மூடிய கண்ணாடிப் பெட்டி வைத்து, 100 ரூபாய்ப் பதிவும் எடுத்துவிட்டார். விண்ணப்பத்தை எங்கள் குழுவே நிரப்பிக் கொடுத்தது. நீங்கள் கவனம் செலுத்த வேண்டியது கண்ணைப் பறிக்கும் நிறமேற்றிய தின்பண்டங்களில். பஞ்சு மிட்டாயில் ரோடமின் பி என்ற சாயம் இருப்பது தெரிந்து 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அத்தகைய மிட்டாய்க்குத் தடை விதித்தது நினைவிருக்கும்.

9. ஒன்றும் நகராவிட்டால்

பள்ளிக்கு எழுதிய கடிதங்களின் நகலை வைத்துக்கொண்டு, மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுதுங்கள். நேரில் போவதானால் மனுவுக்கு ஒப்புகை முத்திரை வாங்காமல் வராதீர்கள். கேன்டீன் கடைசியாக எப்போது ஆய்வு செய்யப்பட்டது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்த அலுவலகத்திடம் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். புகாரை ஒரு பெற்றோர் பெயரில் மட்டும் அனுப்பாமல் நான்கைந்து பேர் சேர்ந்து கையெழுத்திடுங்கள். தனியாகக் கையெழுத்திட்டவரின் பிள்ளை வகுப்பில் எழுப்பி நிறுத்தப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

மாதவாரியாக வேலை

நவம்பரில் ஒரு வாரக் கணக்கெடுப்பு. டிசம்பரில் ஒப்பந்த நகல், வாடகைக் கணக்கு. ஜனவரியில் நிர்வாகக் குழுவிடம் தாள். பிப்ரவரியில் பண்டங்களைச் சுவைபார்த்தல். ஏப்ரலுக்குள் புதிய ஒப்பந்தம், அதே நாளில் இடத்துக்கான கடிதம். மே விடுமுறையில் பதிவு, மருத்துவச் சான்று, தண்ணீர் ஆய்வு, கிண்ணங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் இரண்டு பண்டங்களோடு தொடக்கம். ஜூலை முதல் வாரத்தில் முதலாவது பில் சரிபார்ப்பு. அந்தத் தேதியை இப்போதே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள், ஏனென்றால் சிப்ஸ் திரும்பி வருவது அந்த வாரத்தில்தான்.